இருவராக முதல் ஐரோப்பியப் பயணம்: எத்தனை ஊர், எத்தனை நாள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்முறை ஐரோப்பாவுக்குக் கிளம்பும் தம்பதிகள் தங்கள் பயணத் திட்டத்தை என்னிடம் காட்டி, "இது சரிப்பட்டு வருமா?" என்று கேட்பதுண்டு. பெரும்பாலும் பத்து நாளில் ஐந்து ஊர், ஆறு ஊர் என்று இருக்கும். ஒவ்வொரு நாளும் காலை எட்டு முதல் இரவு பத்து வரை நிரப்பியிருப்பார்கள். நான் முதலில் செய்வது, ஊர்களில் பாதியை அடித்துவிடுவதுதான். ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பத்து நாள் விடுமுறை இருக்கிறது. எத்தனை ஊர் பார்க்கலாம்?

இரண்டு. ரயிலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இருக்கும் ஊர்கள் என்றால் மூன்று. அதற்கு மேல் வேண்டாம்.

நாள் கணக்கை விட்டுவிட்டு இரவுக் கணக்குப் போடுங்கள். ஓர் ஊரில் இரண்டு இரவு தங்கினால் உங்கள் கைக்கு வருவது ஒரே ஒரு முழு நாள். மூன்று இரவு என்றால் இரண்டு முழு நாள். ஒரே இரவு என்றால் ஒன்றும் இல்லை: மதியம் வந்து இறங்கி, மறுநாள் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். பத்து நாள் பயணத்தில் ஒன்பது இரவு. அதை 5-4 என்றோ 4-3-2 என்றோ பிரிக்கலாம். ஆறு ஊராகப் பிரித்தால் பார்த்த இடங்களைவிட ரயில் நிலையங்கள்தான் அதிகமாக நினைவில் நிற்கும்.

"திரும்ப எப்போது வருவோமோ தெரியாது, அதனால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்" என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. செலவு செய்து போகிறோம், இயல்பான ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்கு இணங்கித் திட்டம் போட்டவர்கள் எவரும் திரும்பி வந்து "நிதானமாகப் பார்த்தோம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் மூன்று மணி சொச்சம்தானே? ஒரு நாள் போய்விடும் என்கிறீர்களே?

ரயில் ஓடும் நேரம் அவ்வளவுதான், ஏறத்தாழ மூன்று மணி இருபது நிமிடம். அந்த நாளை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள்.

காலை எழுந்து பெட்டி கட்டி, எதையாவது மறந்துவிட்டோமா என்று கட்டிலுக்கு அடியில் பார்த்து, அறையைக் காலி செய்யவே ஒன்பதரை ஆகும். பெட்டிகளோடு மெட்ரோ படிக்கட்டுகளில் இறங்கி கார் து நோர் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பத்தேகால். ரயிலுக்கு அரை மணி முன்பாவது அங்கே நிற்க வேண்டும். பதினொன்றுக்கு ரயில் என்றால் இரண்டரை வாக்கில் ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல். டிராம் எது, எந்தப் பக்கம் ஏறுவது என்று கண்டுபிடித்து விடுதிக்குப் போக மூன்றேகால். முகம் கழுவி, பசிக்கு ஏதாவது சாப்பிட்டு வெளியே வரும்போது மணி நாலரை. பல அருங்காட்சியகங்கள் ஐந்துக்கோ ஆறுக்கோ மூடிவிடும். மிச்சம் இருப்பது கால்வாய் ஓரம் ஒரு நடை. அருமையான நடைதான், அன்றைக்கு அதுதான் திட்டம் என்று முன்பே எழுதி வைத்துவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

விமானம் இன்னும் மோசம். ஐரோப்பாவுக்குள் மலிவு விமான டிக்கெட் பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஆனால் 'பாரிஸ்' என்று பெயர் போட்டிருக்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 80 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. 'ஃபிராங்க்ஃபர்ட்' என்று சொல்லும் ஹான் நிலையம் 100 கி.மீ.க்கும் அப்பால். பெட்டிக்குத் தனிக் கட்டணம், விமான நிலையத்துக்குப் பேருந்து, இரண்டு மணி நேரம் முன்னால் போய்க் காத்திருப்பது எல்லாம் கூட்டினால் ரயில்தான் லாபம். ரயில் உங்களை ஊருக்கு நடுவிலேயே இறக்கிவிடும்.

அப்படியானால் எந்தெந்த ஊர்களைச் சேர்த்துப் போகலாம்?

வரைபடத்தில் ஒரே கோட்டில் இருப்பவை. ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மூன்றும் முதல் பயணத்துக்கு அமைந்தாற்போல் இருக்கின்றன: ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி, அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டே கால் மணி அளவில். பிராக், வியன்னா, புடாபெஸ்ட் இன்னொரு நல்ல கோடு. பிராகிலிருந்து வியன்னா நாலு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணிக்குள். இந்த வழியில் செலவும் பாரிஸை விடக் குறைவு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: செக் நாட்டில் நாணயம் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட், நடுவில் ஆஸ்திரியாவில் யூரோ. மாட்ரிட்டும் பார்சிலோனாவும் இரண்டரை மணி நேர ரயிலில் இணைகின்றன.

பாரிஸ், ரோம், பார்சிலோனா மூன்றையும் ஒரே பயணத்தில் திணிப்பவர்கள்தான் அதிகம். மூன்றும் மூன்று மூலை. அதைத்தான் நான் முதலில் அடிப்பேன்.

அப்புறம், டிக்கெட் போடும்போது இறங்கும் ஊரும் திரும்பும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விமான நிறுவனத் தளத்தில் 'மல்டி சிட்டி' என்ற பிரிவில் ரோமில் இறங்கி வெனிஸில் ஏறுவது போலத் தேடுங்கள். போய்வரும் டிக்கெட்டின் விலையிலேயே கிடைப்பதும் உண்டு. கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், ரோமுக்குத் திரும்பி வரும் ரயில் செலவையும் ஒரு நாளையும் மிச்சப்படுத்திவிடும்.

விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். ஒரே விசா எல்லாவற்றுக்கும் செல்லும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் காலடி வைக்கும் நாட்டிடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம் என்பது விதி. 15 நாள் வரை விட்டுவைக்காதீர்கள். முடிவு சொல்ல அவர்களுக்குச் சாதாரணமாக 15 நாள் உண்டு, தேவைப்பட்டால் 45 வரை நீட்டிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு வேண்டும். பிரிட்டனும் அயர்லாந்தும் இந்த வட்டத்தில் இல்லை. "லண்டனும் பக்கத்தில்தானே" என்று சேர்த்தால் அதற்குத் தனி அனுமதி, தனிச் செலவு.

விசாவுக்கு நாள்வாரித் திட்டம் எழுதிக் கொடுக்கும்போது உண்மையில் போகப்போவதையே எழுதுங்கள். ஊர் குறைவாக இருந்தால் அந்தத் தாளும் தெளிவாக இருக்கும்.

ஒரு மாதிரித் திட்டம் சொல்ல முடியுமா?

இத்தாலியையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது இரவு, வியாழக்கிழமை ரோமில் இறங்குகிறீர்கள். கிழமை முக்கியம், காரணம் போகப்போகத் தெரியும்.

வியாழன் ஒன்றும் வைக்க வேண்டாம். மாலையில் பந்தேயோன் பக்கம் நடந்து போய், சதுக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டுத் தூங்குங்கள். வெள்ளிக்கிழமை காலை வத்திக்கான் அருங்காட்சியகம். ஞாயிறுக்குத் தள்ளினால் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று வரிசையைப் பார்த்தாலே திரும்பிவிடத் தோன்றும். அதற்குள் இருக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்தின் ஓவியக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வரும்போது கழுத்தும் காலும் ஓய்வு கேட்கும். மதியம் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள். தெம்பு இருந்தால் மாலையில் புனித பேதுரு தேவாலயம். அதன் குவிமாடத்துக்கு 551 படி, லிஃப்ட் பாதி வழி கொண்டுபோய் விட்டாலும் மிச்சம் 320 படியை நாம்தான் ஏற வேண்டும்.

சனிக்கிழமை கொலோசியம். அதே டிக்கெட்டில் ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் சேர்ந்து வரும். முதல் வேலையாகக் காலையில் போய்விட்டால் வெயிலுக்கு முன் முடிக்கலாம். ஞாயிறு போர்கேஸே காட்சிக்கூடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு கட்டாயம். அதனாலேயே அங்கு நெரிசல் இல்லை. சிற்பி பெர்னினி செதுக்கிய, புராணக் கதையில் மரமாக மாறும் தாப்னேயின் சிலையில் விரல் நுனிகள் இலைகளாக மாறுவதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கல்லை அவ்வளவு மெல்லியதாகச் செதுக்கியிருப்பார், வெளிச்சம் ஊடுருவுவது போலிருக்கும். எங்கள் ரோம் நாட்களில் நானும் என் கணவரும் இன்றும் பேசிக்கொள்வது அந்தச் சிலையைப் பற்றித்தான்.

திங்கள் ஃப்ளாரன்ஸுக்கு ரயில். அங்கே உஃபிஸி, அக்கதேமியா என்ற இரண்டு கலைக்கூடங்களுக்கும் திங்கள்கிழமை விடுமுறை. நாம் அன்று பயணத்தில் இருப்பதால் நஷ்டமில்லை. செவ்வாய் காலை உஃபிஸி, புதன் காலை அக்கதேமியாவில் மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை. பேராலயத்துக் குவிமாடத்தில் ஏற ஆசைப்பட்டால் 463 படி, லிஃப்ட் கிடையாது, நேரம் குறித்த முன்பதிவு உண்டு. இருவரில் ஒருவருக்கு மூட்டுவலியோ நெரிசலான இடத்தில் மூச்சு முட்டுவதோ இருந்தால் தவிர்த்துவிடுங்கள், நடுவழியில் திரும்ப முடியாது. இரண்டில் ஒரு மாலை ஆற்றைக் கடந்து மிக்கேலாஞ்சலோ சதுக்கத்துக்கு ஏறி, சூரியன் மறைவதைப் பாருங்கள்.

வியாழன் வெனிஸ், இரண்டு இரவு, சனிக்கிழமை அங்கிருந்தே விமானம். வெள்ளிக்கிழமை முழு நாளும் வெனிஸுக்கே. காலை ஏழு மணிக்குப் புனித மார்க் சதுக்கத்துக்குப் போனால் புறாக்களும் நீங்களும்தான் இருப்பீர்கள்.

கவனித்திருப்பீர்கள், ஒரு நாளுக்கு முன்பதிவு செய்த இடம் ஒன்றுதான். நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் விதி அது. மீதி நேரம் தானாக நிரம்பும்.

எதையெல்லாம் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும்? எல்லாவற்றையுமா?

எல்லாவற்றையும் செய்தால் பயணம் அலுவலக நாட்காட்டி போல் ஆகிவிடும். நேரில் போய் வாங்க முடியாதவற்றுக்கும், நேரில் கிடைப்பது கடினமானவற்றுக்கும் மட்டும் போதும். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டு டிக்கெட் இணையத்தில் மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்குத் திறப்பார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்பு திறக்கும், பெயர் போட்டது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். பார்சிலோனாவின் சக்ராதா ஃபமீலியா தேவாலயம், ஐஃபெல் கோபுரத்து லிஃப்ட், வத்திக்கான் அருங்காட்சியகம் இவற்றுக்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தைத் தேடிப் பிடியுங்கள். தேடலில் முதலில் வருவது பல சமயம் மறுவிற்பனைத் தளமாக இருக்கும், விலை கூடுதல்.

விடுமுறைக் கிழமைகளைத் திட்டத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய் மூடும், ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் மூடும். செவ்வாய்க்கிழமை லூவ்ர் மூடுவதால் அன்று வெர்சாயில் கூட்டம் அதிகம். லூவ்ருக்குப் புதன், வெள்ளி இரவு ஒன்பது வரை நேரம் உண்டு, மாலை ஐந்துக்கு மேல் போவதுதான் சுகம்.

வந்திறங்கும் நாளில் ஏதாவது ஒரு அருங்காட்சியகம் பார்த்துவிடலாமா?

வேண்டாம். இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்த உடம்பு. பகல் வெளிச்சத்தில் மெதுவாக நடங்கள், மதியம் தூக்கம் வந்தால் அரை மணிக்கு மேல் தூங்காதீர்கள், இரவு ஒன்பது வரை எப்படியாவது விழித்திருங்கள். மறுநாளே உடம்பு அந்த ஊர் நேரத்துக்கு வந்துவிடும். விடுதி அறை பெரும்பாலும் மாலை மூன்றுக்குத்தான் கிடைக்கும் என்றாலும் பெட்டியை முன்பே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அவருக்கு அருங்காட்சியகம், எனக்குத் தெருவும் கடையும். ஒத்துப்போகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். உண்மையில் இருவர் பயணத்தில் இதுதான் முதல் கேள்வி.

திட்டம் போடுவதற்கு முன் இருவரும் தனித்தனியாக ஒரு தாளில், ஓர் ஊருக்கு இரண்டே இரண்டு இடம் எழுதுங்கள்: "இதைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும்" என்ற அளவுக்குப் பிடித்தவை மட்டும். பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு இடம்தான் வரும், அவைதான் உங்கள் திட்டத்தின் தூண்கள். மற்றவர் எழுதியதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதல்முறை இதைச் செய்தபோது என் கணவர் ஒரு ரயில் அருங்காட்சியகத்தை எழுதியிருந்தார். எனக்கு அவர் அதை விரும்புவார் என்றே தெரியாது.

அப்புறம், ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை பிரிந்து போங்கள். மூன்று மணி நேரம் போதும். ஒருவர் ஓவியம் பார்க்கட்டும், மற்றவர் சந்தையில் சுற்றட்டும், ஒரு குறிப்பிட்ட காபிக் கடையில் இத்தனை மணிக்குச் சந்திப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் இருபத்து நான்கு மணி நேரமும் ஒன்றாக இருப்பது அன்பான தம்பதிகளுக்கும் கடினம். சந்திக்கும்போது இருவரிடமும் சொல்ல ஏதாவது இருக்கும். இருவர் கைபேசியிலும் இணையம் வேலை செய்வதையும், விடுதி முகவரி இருவரிடமும் இருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சண்டை வரும் நேரமும் எனக்குத் தெரியும்: மதியம் இரண்டரை மணி, பசி, கால்வலி, எங்கே சாப்பிடுவது என்று முடிவாகவில்லை. ஒரு நாளைக்கு 15,000 முதல் 20,000 காலடி நடப்பது அங்கே சர்வசாதாரணம். பையில் பழமோ பிஸ்கட்டோ வைத்திருங்கள், மதியச் சாப்பாட்டு இடத்தைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள்.

விடுதி ஊருக்கு நடுவில் வேண்டுமா, வெளியே மலிவாக எடுக்கலாமா?

நடுவிலோ, மெட்ரோவில் பதினைந்து நிமிடத்துக்குள்ளோ எடுங்கள். மதியம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் கால் நீட்ட முடிவது பெரிய விஷயம். வெளியே தங்கினால் அது நடக்காது. வெனிஸ் போகும் பலர் தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்குகிறார்கள், விலை பாதி. ஆனால் வெனிஸின் அழகே பகல் கூட்டம் வடிந்த பிறகும் விடிவதற்கு முன்பும்தான். நாங்கள் தீவுக்குள்ளேயே தங்கினோம். ஒரு தவறும் செய்தோம்: விடுதிக்கும் நிலையத்துக்கும் நடுவே எத்தனை பாலம் என்று பார்க்கவில்லை. நான்கு பாலம், ஒவ்வொன்றிலும் படி ஏறிப் படி இறங்கி, 23 கிலோப் பெட்டி இரண்டு. இரண்டாவது பாலத்தின் உச்சியில் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று தண்ணீரில் விழுந்தது. அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு சிறு பெட்டி, நடுவில் ஒரு முறை துணி துவைத்துக்கொள்வது என்று மாற்றிக்கொண்டோம்.

லிஃப்ட் உண்டா என்று பதிவு செய்யும் முன் பாருங்கள். பழைய கட்டடங்களில் பல இடங்களில் கிடையாது. பல ஊர்களில் தங்கும் வரி தனி. ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையில் 12.5 சதவீதம்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் பாதி வரை, அல்லது செப்டம்பரும் அக்டோபர் தொடக்கமும். ஜூனில் பாரிஸில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதே திட்டத்தை டிசம்பரில் போட்டால் தினமும் மாலையில் மட்டுமே ஐந்து மணி நேரம் குறையும். ஆகஸ்ட் நடுவில் ரோமிலும் ஃப்ளாரன்ஸிலும் வெயில் தாங்காது, உள்ளூர்க்காரர்களே கடையை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

பல இடங்களுக்கு ஒரே கட்டணத்தில் நுழைய விடும் சிட்டி பாஸ் வாங்கினால் லாபமா?

ஒரு நாளுக்கு ஓர் இடம் என்ற கணக்கில் பெரும்பாலும் இல்லை. பாஸ் வாங்கிவிட்டால் காசு வீணாகக் கூடாதே என்று ஓட ஆரம்பிப்போம்.

சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஸ்பெயினில் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டரைக்கு முன் சமையலறை திறக்காத உணவகங்கள் ஏராளம். இத்தாலியில் மேசைக் கட்டணமாக 'கொப்பெர்த்தோ' என்று பில்லில் சிறு தொகை வரும், ஏமாற்று அல்ல. சைவம் சாப்பிடுபவர்கள் பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிக்பாக்கெட் பயம் உண்மைதானா?

உண்மை. பார்சிலோனாவின் லா ரம்ப்லா, பாரிஸ் மெட்ரோ, ரோமின் தெர்மினி நிலையம் மூன்றிலும் கவனம் தேவை. கதவு மூடும் நேரத்தில் முண்டியடித்து ஏறுபவர்களும், கையெழுத்துக் கேட்டுத் தாளை நீட்டுபவர்களும் வந்தால் பையை முன்பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள், கார்டுகளையும் அப்படியே. அவசர உதவி எண் எல்லா நாட்டிலும் 112.

கடைசி நாள் மாலையில்தான் விமானம். அன்று எதையாவது பார்க்கலாமா?

விடுதிக்கு நடந்து திரும்பும் தூரத்தில் மட்டும். வெனிஸை எடுத்துக்கொண்டால் புனித மார்க் பக்கத்திலிருந்து விமான நிலையத்துக்குப் படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெனிஸின் பேருந்து நிலையமான பியாட்சாலே ரோமாவிலிருந்து பேருந்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஐரோப்பாவில் வாங்கிய பொருளுக்கு வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில் சுங்க ஒப்புதல் வாங்க வேண்டும். இத்தாலியில் 70 யூரோவுக்கு மேல், பிரான்ஸில் 100 யூரோவுக்கு மேல் ஒரே கடையில் வாங்கியிருந்தால் அது பொருந்தும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்டிருக்க வேண்டும். அந்த வரிசைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பொருள்களைக் காட்டச் சொல்லலாம் என்பதால் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அங்கே போய்விடுங்கள்.